ஒரே கேசட்டில் இரண்டு பெட்ரா

எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒரு கேசட் கைக்கு வந்தது. தொண்ணூறு நிமிடக் கேசட், பக்கத்துக்கு நாற்பத்தைந்து. வாலிபர் கூட்டத்தில் கிட்டார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் பதிந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் நீல மையில் ‘பெட்ரா’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஏ பக்கத்தைப் போட்டேன். தெளிந்த குரல், சிரமமே இல்லாமல் மேலே ஏறுகிறது, அடியில் கீபோர்டு, கிட்டார் இருக்கிறது, ஆனால் குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. திருப்பிப் போட்டேன். கரகரத்த குரல் ஒன்று தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கிட்டார் முன்னால் வந்துவிட்டது. டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் கதவை இடிப்பதுபோல் விழுந்தது. அண்ணன் தவறாக எழுதிவிட்டார் என்றே நினைத்தேன். அடுத்த ஞாயிறு கேட்டபோது, “இல்லடா தம்பி, ரெண்டும் ஒரே பேண்டுதான். நடுவுல எட்டு வருஷம் ஓடிருச்சு, பாடுறவர் மாறிட்டார்” என்றார்.

ஏ பக்கத்தில் இருந்தது 1982இல் வந்த ‘மோர் பவர் டு யா’. பி பக்கத்தில் 1990இன் ‘பியாண்ட் பிலீஃப்’. அந்த எட்டு வருடத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. கடந்த மூன்று வாரமாக, இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு, 1974 முதல் 2003 வரை இந்தக் கிறிஸ்தவ ராக் குழு வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்களை ஹெட்போனில் வரிசை மாறாமல் கேட்டேன். புதிதாகக் கேட்க வருகிறவர் எங்கே தொடங்கலாம், எதைத் தாண்டிப் போகலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய ரசிகர்கள் சிலருக்கு என் தீர்ப்பு பிடிக்காமல் போகலாம்.

‘பெட்ரா’ என்பது கிரேக்கச் சொல். நம் வேதாகம மொழியில் சொன்னால் கன்மலை. 1972இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஃபோர்ட் வேய்ன் என்ற ஊரில் தொடங்கிய குழு இது. கிட்டாருக்கு பாப் ஹார்ட்மன், கிரெக் ஹஃப். பேஸுக்கு ஜான் டிகிராஃப். டிரம்ஸுக்கு பில் குளோவர். நீள முடி வைத்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இயேசுவிடம் திரும்பிய காலம் அது. அவர்களுக்குத் தெரிந்த இசை ராக். மனம் திரும்பிய பிறகு கிட்டாரை என்ன செய்வது என்ற கேள்விக்கு, அதையும் கூடவே கொண்டுவருவது என்று பதில் சொன்னவர்களில் இவர்களும் உண்டு. அந்த ஊரிலேயே ‘ஆடம்ஸ் ஆப்பிள்’ என்ற கிறிஸ்தவக் காபி இல்லத்தில் வாசித்து வளர்ந்தார்கள்.

1974இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரும் ‘பெட்ரா’தான். இரட்டைக் கிட்டார் வைத்த அமெரிக்கத் தென் மாநில ராக், நடுவே கிராமிய இசையின் துள்ளல். வாசிப்பில் குறையில்லை. ஆனால் பெரும்பாலும் ஹார்ட்மனே பாடுகிறார், அவர் பாடகர் அல்ல. நல்ல பிரசங்கத்தைக் கூச்சப்படும் ஒருவர் வாசித்துக் காட்டுவதுபோல் இருக்கிறது. குழுவின் கதை தெரிந்துகொள்ள ஒருமுறை கேளுங்கள், போதும். 1977இன் ‘கம் அண்ட் ஜாயின் அஸ்’ ஆல்பத்தில்தான் திருப்பம் வருகிறது. கிரெக் எக்ஸ். வோல்ஸ் என்றொருவர் விருந்தாளியாக வந்து சில பாட்டுகளைப் பாடுகிறார். அவர் வாய் திறக்கும் இடத்தில் எல்லாம் ஆல்பம் இரண்டு அங்குலம் உயர்கிறது. அதே கிட்டார், அதே ஹார்ட்மன் எழுத்து. குரல் மட்டும்தான் வேறு.

அடுத்து 1979இன் ‘வாஷஸ் ஒயிட்டர் தேன்’. இதில் பாட்டுகள் சட்டென்று மென்மையாகிவிடுகின்றன. கிறிஸ்தவ வானொலி இவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்த பாட்டு இதில்தான் இருக்கிறது. ஆனால் ராக் குழு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குழு ராக்கைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தது போன்ற உணர்வு எனக்கு. அதற்கு அடுத்த ஆல்பமான ‘நெவர் ஸே டை’ (1981) வரும்போது வோல்ஸ் முழுநேரப் பாடகர். அதிலும் வானொலிக்குப் பிடித்தது மென்மையான பாட்டுதான். வண்ணங்களை வைத்து இரட்சிப்பைச் சொல்லும் சின்னப் பாட்டு. அந்தப் பாட்டு திறந்துவிட்ட கதவில்தான் மற்றப் பாட்டுகள் நுழைந்தன. தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றி அதே ஆல்பத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. 1981இல் சபைகளில் வாய்விட்டுப் பேசாத விஷயம். பாட்டு அவளைக் குற்றம் சொல்லவில்லை, அவளைக் கவனிக்காமல் விட்ட நம்மைக் கேட்கிறது. நான் அதைக் கேட்ட நாளிலெல்லாம் யாருக்காவது போன் செய்திருக்கிறேன்.

இப்போது ‘மோர் பவர் டு யா’. என் கேசட்டின் ஏ பக்கம். இதில் லூயி வீவரின் டிரம்ஸ் இருக்கிறது. அடுத்த இருபது வருடத்துக்கு இந்தக் குழுவின் முதுகெலும்பு அவர்தான். தலைப்புப் பாட்டு ஏசாயா 40ஆம் அதிகாரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது, ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து’ என்று நாம் படிக்கும் அதே வசனம். தளர்ந்திருக்கும் நண்பனின் தோளில் கை போட்டுப் பேசுகிற தாளம். வோல்ஸ் இந்தப் பாட்டில் ஒரு தடவைகூட கத்தவில்லை. கத்தக்கூடிய உயரம் அவர் குரலில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் அடக்கிப் பாடுகிறார். நான் சபையில் கிட்டார் வாசிக்கத் தொடங்கியபோது சத்தத்தைக் குறைப்பது பலவீனம் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது இந்தப் பாட்டு.

யூதாஸின் முத்தத்தைப் பற்றிய பாட்டு இதே ஆல்பத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் சில விநாடி ஒரு புரியாத உளறல் வரும். என் கேசட்டில் அதை டேப் சிக்கிய சத்தம் என்று நினைத்து எத்தனையோ முறை டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில், ராக் இசைத்தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தானின் செய்தி கேட்கும் என்று அமெரிக்காவில் பிரசங்கங்கள் நடந்தன. கிறிஸ்தவ ராக்கும் அந்தக் குற்றச்சாட்டில் மாட்டிக்கொண்டது. பெட்ரா தாங்களே ஒரு செய்தியைத் தலைகீழாகப் பதிந்து வைத்தார்கள். திருப்பிக் கேட்டால் வருவது இதுதான்: கர்த்தரைத் தேட வேண்டிய நீங்கள் பிசாசை எதற்குத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்? பல வருடம் கழித்துக் கம்ப்யூட்டரில் திருப்பிக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் அந்தக் கேசட்டை என் கையில் பார்த்த சபை மூத்தவர் ஒருவர், இது பிசாசின் இசை, வீட்டில் வைக்காதே என்று சொல்லியிருந்தார். அவரிடம் அன்று சொல்ல எனக்குப் பதில் இல்லை. பதில் அந்தக் கேசட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அடுத்த வருடம், 1983இல், ‘நாட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’. வோல்ஸ் காலத்தின் உச்சம் எது என்று கேட்டால் பலர் ‘மோர் பவர்’ என்பார்கள். நான் இதைச் சொல்வேன். பழைய ஞானப்பாட்டு ஒன்றின் மெட்டை கீபோர்டில் இசைத்து ஆல்பத்தைத் திறக்கிறார்கள், கடைசியிலும் அதன் சாயலுக்கே திரும்புகிறார்கள். உள்ளே, கிறிஸ்துவைக் கல்லறைத் திருடன் என்று அழைக்கும் மெதுவான பாட்டு ஒன்று. மரணமே உன் கூர் எங்கே என்ற பவுலின் கேள்வியும், இரவில் திருடன் வருகிறவிதமாய் வருவேன் என்ற வாக்கும் அதில் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. ஹார்ட்மன் பிரசங்கம் செய்யவில்லை; இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார், நடுவில் தீப்பொறி பறக்கிறது. நான் இதை ஒரு அடக்க ஆராதனைக்குப் பிறகு, வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டிருக்கிறேன். இதுபற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

1984இன் ‘பீட் தி சிஸ்டம்’ எனக்கு வருத்தம். கிட்டாரை ஓரம் கட்டிவிட்டு, மின்னணுவில் சத்தம் உண்டாக்கும் சிந்தசைசர் உட்கார்ந்துவிட்டது. டிரம்ஸ் சத்தம் மனிதக் கை அடித்தது மாதிரியே இல்லை. அந்த வருடத்து அமெரிக்க வானொலி முழுக்க அந்தச் சத்தம்தான், அதனால் இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1977இல் பதிந்த ஒரு பாட்டை, ராக் இசையைக் கடவுளே கொடுத்தார் என்று சொல்லும் அந்தப் பாட்டை, இதில் மறுபடி பதிந்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழையதில் வியர்வை இருக்கிறது. புதியதில் பளபளப்பு இருக்கிறது. இருந்தாலும் ஆல்பத்தை ஒதுக்க மனம் வரவில்லை. பசியால் வாடும் குழந்தைகளின் கண்களைப் பற்றி இதில் ஒரு பாட்டு இருக்கிறது, அதை எந்த சிந்தசைசராலும் கெடுக்க முடியவில்லை.

1985இல் ஒரு மேடைப் பதிவை விட்டுவிட்டு வோல்ஸ் தனியாகப் போய்விட்டார். குழுவின் அடையாளமே அவர் குரல்தான் என்று நம்பியிருந்த ரசிகர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அவருக்குப் பதிலாக 1986இல் வந்தவர் ஜான் ஷ்லிட். எழுபதுகளில் ‘ஹெட் ஈஸ்ட்’ என்ற ராக் குழுவில் பாடிப் புகழ் பெற்றவர். போதையில் விழுந்து, அந்தக் குழுவை விட்டு விலக்கப்பட்டு, பிறகு கிறிஸ்துவிடம் வந்தவர். இசையையே விட்டுவிட்டுச் சுரங்கத் துறையில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இதைத் தெரிந்துகொண்டு அவர் குரலைக் கேட்டால் அந்தக் கரகரப்பு வேறு மாதிரி கேட்கும். வோல்ஸ் பாடும்போது சாட்சி சொல்லும் போதகர் தெரிகிறார். ஷ்லிட் பாடும்போது குழியிலிருந்து மேலே ஏறி வந்த மனிதன் தெரிகிறான்.

அவருடைய முதல் ஆல்பமான ‘பேக் டு தி ஸ்ட்ரீட்’ இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறது. புதுப் பாடகருக்குப் பழைய சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். ஆனால் தயாரிப்பாளர்கள் மாறிவிட்டார்கள்: கேன்சஸ் குழுவில் பாடிய ஜான் எலஃபான்டேயும் அவர் சகோதரர் டினோவும். இவர்கள் இந்தக் குரலுக்கு என்ன சத்தம் பொருந்தும் என்று ஆல்பத்துக்கு ஆல்பம் கண்டுபிடித்துக்கொண்டே போகிறார்கள். 1987இன் ‘திஸ் மீன்ஸ் வார்!’ எபேசியர் ஆறாம் அதிகாரத்தின் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது விசுவாசி அணியும் போர்க் கவசங்களை, ஆல்பம் முழுக்க விரிக்கிறது. அந்தப் போர் உருவகம் சில இடங்களில் எனக்கு அதிகமாகத் தோன்றுகிறது. முழங்காலில் நின்று போராடு என்று ஜெபத்தைச் சொல்லும் பாட்டில் மட்டும் அது முழுதாகப் பொருந்துகிறது. 1988இன் ‘ஆன் ஃபயர்!’ கிட்டாரை முழுசாகத் திறந்துவிட்ட ஆல்பம். கிட்டார் பழகுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். ஹார்ட்மனின் ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள், கடினமானவை அல்ல, ஆனால் ஒவ்வொன்றும் மனசில் நிற்கும்.

பிறகு என் பி பக்கம். ‘பியாண்ட் பிலீஃப்’ ஆல்பத்தைப் பற்றி நிதானமாகப் பேச எனக்கு வராது. பத்துப் பாட்டு. முதல் பாட்டின் முதல் அடியிலேயே குழு முழுக்க ஒரே உடம்பாக நிற்கிறது: ஷ்லிட்டின் குரல், ஹார்ட்மனின் கிட்டார், ஜான் லாரியின் கீபோர்டு, ரானி கேட்ஸின் பேஸ், வீவரின் டிரம்ஸ். எதுவும் எதையும் மூடவில்லை. கீபோர்டு மறுபடி வந்திருக்கிறது, ஆனால் 1984இல் போல் ஆக்கிரமிக்கவில்லை. கிட்டாருக்குப் பின்னால் வானம் மாதிரி விரிந்திருக்கிறது. நாம் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப்பிரமாணத்தை ஒரு பாட்டாக்கியிருக்கிறார்கள். சின்ன வயதில் அதை மூச்சு விடாமல் ஒப்பித்திருக்கிறேன், எந்த வார்த்தையும் உள்ளே இறங்கியதில்லை. ஷ்லிட் அதையே தாழ்ந்த குரலில் தொடங்கி, ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு படி ஏறி, பல்லவியில் முழுக் குரலையும் விடுகிறார். அந்த வாரம் ஆராதனையில் ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொன்னபோது என் குரல் நடுங்கியது. பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார்.

இந்த ஆல்பத்துக்குத்தான் குழுவின் முதல் கிராமி இசை விருது. பிறகு ‘அன்சீன் பவர்’, ‘வேக்-அப் கால்’, ‘டபுள் டேக்’ என்று மொத்தம் நான்கு கிராமி. 2000இல் காஸ்பல் என்ற கிறிஸ்தவ இசையின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற முதல் ராக் குழுவும் இவர்களே. பிசாசின் இசை என்று ஒரு காலத்தில் பேச்சு வாங்கியவர்கள்.

நடுவில் 1989இல் வந்த துதிப் பாடல் ஆல்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. இவர்கள் பேசாமலிருந்தால் கல்லுகளே கூப்பிடும் என்ற லூக்கா வசனத்தைத் தலைப்பில் வைத்து, சபைகளில் பாடும் எளிய பாட்டுகளையும் தாங்கள் எழுதியவற்றையும் ராக்காக வாசித்தார்கள். இன்று ஞாயிறு ஆராதனையில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சகஜம். அன்று அப்படி இல்லை. கன்மலை என்று பெயர் வைத்த குழுவுக்கு அந்த வசனத்தைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைத்திருக்காது. சபையில் இசை நடத்துகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டிய ஆல்பம்.

தொண்ணூறுகளைக் கொஞ்சம் வேகமாகவே கடக்கிறேன். ‘அன்சீன் பவர்’ (1991) நல்ல ஆல்பம்; காஸ்பல் கோரஸ் சேர்த்த பாட்டில் குழு தன் எல்லையைச் சந்தோஷமாகத் தாண்டுகிறது. ‘வேக்-அப் கால்’ (1993) பிரவுன் பேனிஸ்டர் தயாரித்தது. சுத்தமான, கவனமான வேலை. இன்னும் கொஞ்சம் அழுக்கு இருந்திருக்கலாம். 1995இல் ஹார்ட்மன் மேடையை விட்டு இறங்கினார். பாட்டு எழுதுவதை விடவில்லை, ஆனால் ஊர் ஊராகப் போவதை நிறுத்திக்கொண்டார். ‘நோ டவுட்’ வந்தபோதே அந்த வெற்றிடம் கேட்கிறது. 1998இன் ‘காட் ஃபிக்சேஷன்’ அன்றைய ஆல்டர்னேட்டிவ் ராக்கைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஷ்லிட் தன் குரலைக் குறுக்கிக்கொண்டு, தனக்குப் பழக்கமில்லாத சோர்ந்த தொனியில் பாடுகிறார். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் எவ்வளவு உண்மையாக முயற்சி செய்கிறார் என்பது தெரிகிறது. வாங்க வேண்டாம். ‘டபுள் டேக்’ (2000) பழைய பாட்டுகளை மின்சாரம் குறைத்து மறுபடி வாசித்தது. அதற்குக் கிராமி கொடுத்தவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தப் பாட்டுகளுக்கு அந்தச் சத்தமே எலும்பு.

வரிசையாகக் கேட்டபோதுதான் இது எனக்கு விளங்கியது. இந்தக் குழுவின் சத்தம் முப்பது வருடத்தில் எத்தனையோ தடவை மாறியிருக்கிறது. புதிய தொண்டை ஒன்று வந்து, அதற்கேற்ப மாறியபோதெல்லாம் நல்ல ஆல்பம் பிறந்தது: 1981, 1982, 1988, 1990. வெளியே வானொலியில் என்ன ஓடுகிறது என்று பார்த்து மாறியபோதெல்லாம் பாட்டு மெலிந்தது: 1979, 1984, 1998. ரசிகர்கள் இன்றும் வோல்ஸா ஷ்லிட்டா என்று சண்டை போடுகிறார்கள். நான் அந்தச் சண்டையில் இல்லை. இருவர் வாயிலும் வார்த்தைகளை வைத்தது பெரும்பாலும் ஒரே கைதான், அந்தக் கையின் கிட்டார் பக்கத்தில் இருந்தபோது இருவரும் நன்றாகப் பாடினார்கள்.

அதற்குச் சாட்சி 2003இன் ‘ஜெக்கில் அண்ட் ஹைட்’. ஹார்ட்மன் கிட்டாரோடு திரும்பி வந்த ஆல்பம். நியூஸ்பாய்ஸ் குழுவின் பீட்டர் ஃபர்லர் தயாரித்து, டிரம்ஸும் அவரே வாசித்தார். கீபோர்டுக்கு அதில் வேலையே இல்லை. பாட்டுகள் குறுகியவை, மொத்தமும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தடித்த, சுருதியைக் கீழே இறக்கிய கிட்டார். அதன்மேல் ஐம்பது வயதைத் தாண்டிய ஷ்லிட், இருபது வயசுக்காரனைப் போல். நான் எதிர்பார்க்கவே இல்லை. வீவர் இல்லாதது மட்டும் நெஞ்சில் தைக்கிறது. இருபது வருடம் பின்னால் உட்கார்ந்து தாங்கியவர், குழு ஓய்வு பெறும் முன் வந்த கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தில் இருந்திருக்க வேண்டும். 2005இன் இறுதியில் பிரிவு நிகழ்ச்சிகளோடு குழு ஓய்வு பெற்றது. 2010இல் வோல்ஸும் ஹார்ட்மனும் எண்பதுகளின் தோழர்களும் ‘கிளாசிக் பெட்ரா’ என்ற பெயரில் கூடிப் பழைய பாட்டுகளை மறுபடி பதிந்தார்கள். வோல்ஸின் குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

புதிதாகக் கேட்கிறவருக்கு: ‘மோர் பவர் டு யா’, ‘நாட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’, ‘ஆன் ஃபயர்!’, ‘பியாண்ட் பிலீஃப்’, ‘ஜெக்கில் அண்ட் ஹைட்’. ஐந்தும் போதும், மிச்சத்தை நீங்களே தேடிப் போவீர்கள். 1982ஐயும் 1990ஐயும் மட்டும் என்னைப்போல ஒரே நாளில் கேட்காதீர்கள். முதல் குரலோடு ஒரு வாரமாவது இருங்கள். பிறகு கேசட்டைத் திருப்பிப் போடுங்கள்.